பேப்பருக்கு நடந்த கல்யாணம்

இளமதிக்கும் வளவனுக்கும் இரண்டு கல்யாணம் நடப்பதாக இருந்தது. ஒன்று தை மாதத்தில், பேப்பருக்காக. இன்னொன்று வைகாசியில், ஊருக்காக. இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசித்தான் இப்படி முடிவு செய்தார்கள்.

வளவன் விருத்தாசலத்துப் பையன். பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்துவிட்டு, ஓமனில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் சூளைப் பிரிவில் வேலை பார்த்தான். அப்பா இல்லை. அம்மா செல்வநாயகி உள்ளூர் பீங்கான் கம்பெனியில் கரண்டு பியூஸுக்கான பீங்கான் கட்டைகளை, மெருகு தரும் கிளேஸ் குழம்பில் முக்கி எடுக்கிற வேலை செய்தாள். தம்பி சேரன் ஆட்டோ ஓட்டினான். இளமதிக்கு ஊர் கருவேப்பிலங்குறிச்சி. லேப் டெக்னீஷியன் படித்துவிட்டு விருத்தாசலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குத் தினமும் பஸ்ஸில் வந்துபோய்க்கொண்டிருந்தாள். அவள் அப்பா ராஜமாணிக்கத்துக்கு ஆற்றோரம் நாலு ஏக்கர் கரும்பும் நெல்லும்.

தையில் வளவன் லீவில் வந்தபோது நிச்சயம் நடந்தது. அடுத்த லீவு வைகாசியில்தான். அவளை ஓமனுக்கு அழைத்துப்போக விசா வேண்டுமென்றால் கல்யாணச் சான்றிதழ் வேண்டும். அதில் அலுவலகம் அலுவலகமாக முத்திரை வாங்கி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். வைகாசியில் தாலி கட்டிய பிறகு பதிவு செய்தால், கட்டியவன் அங்கே, கட்டிக்கொண்டவள் இங்கே என்று அந்த வருஷம் போய்விடும்.

பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவர்தான் வழி சொன்னார்.

"தாலி கட்டாயம் இல்லீங்க. நம்ம மாநிலத்துல நாலு பேரு முன்னாடி மாலை மாத்திக்கிட்டாலே கல்யாணம்தான். சட்டம் ஏத்துக்கும். ரிஜிஸ்டர் பண்ணிடலாம்."

ராஜமாணிக்கம் யோசித்தார். "அப்ப பேப்பருக்கு மட்டும் மாலை மாத்திக்கட்டும். கல்யாணம் வைகாசியிலதான். ஆனா வெளில ஒருத்தருக்கும் தெரிய வேணாம் சம்பந்தியம்மா. ரெண்டு தடவ கல்யாணம் பண்ணாங்கன்னு ஊரு வாயில வுழுந்து எழுந்திருக்க முடியாது."

செல்வநாயகி ஒத்துக்கொண்டாள்.

தை பதினெட்டு, வெள்ளிக்கிழமை. செல்வநாயகியின் வீட்டு முன்கூடத்தில் இளமதியும் வளவனும் மாலை மாற்றிக்கொண்டார்கள். மேளம் இல்லை, ஐயர் இல்லை. இரண்டு குடும்பமும் வளவனின் சிநேகிதர்கள் இரண்டு பேரும் மட்டும். சேரன் செல்போனில் நாலு படம் எடுத்தான். படம் எடுத்து முடித்ததும் இளமதியின் அம்மா அமிர்தம் மகள் கழுத்திலிருந்த மாலையை அவசரமாகக் கழற்றிச் சுருட்டிப் பையில் வைத்தாள். செல்வநாயகி மட்டும் ஒரு கிண்ணம் பாயசத்தோடு வந்து நின்றாள். "பேப்பருக்குன்னாலும் வாயி இனிக்கட்டும்" என்றாள்.

அலுவலகத்தில் விரல் ரேகை வைத்தார்கள், கேமராவைப் பார்த்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். எல்லாம் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் பெரியவர்கள் பஸ்ஸுக்கு நின்றபோது இவர்கள் இருவரும் கொஞ்சம் தள்ளி டீ குடித்தார்கள். வளவன் சான்றிதழை உறையிலிருந்து எடுத்துத் திரும்பவும் படித்தான்.

"உனக்கு எதுனா தோணுதா?" என்று கேட்டான்.

"கையெழுத்து கோணலாப் போயிடுச்சு" என்றாள் அவள்.

அவன் சிரித்தான். அப்புறம், "எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு தோணுது" என்றான்.

அவளுக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. வைகாசியில் வரப்போகும் பந்தலும் கூறைப்புடவையும்தான் அவள் மனதில் கல்யாணமாக இருந்தன. பஸ் வந்தது. அவள் அப்பா அம்மாவோடு ஏறி ஊருக்குப் போனாள். மறுவாரம் அவன் ஓமனுக்குப் போனான்.

பிறகு நடந்ததெல்லாம் போனில்தான். வேலை முடிந்து வந்ததும் கூப்பிடுவான். வாடகைக்குப் பார்த்த வீட்டை வீடியோவில் காட்டினான்: சின்ன சமையலறை, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வெறும் மணல். "இங்க துணி அஞ்சு நிமிஷத்துல காஞ்சிடும்" என்றான். கம்பெனிப் பதிவேட்டில் மனைவி என்ற இடத்தில் அவள் பெயரைச் சேர்த்துவிட்டதாகச் சொன்னான். வைகாசி இருபத்தைந்துக்கு மண்டபம் பிடித்தாயிற்று, பத்திரிகை அச்சாகி வந்தாயிற்று.

சித்திரை முதல் வாரத்தில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு சேரன் லேபுக்கு வந்தான். இளமதி ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் வாசலிலேயே நின்றான். ஊசியை உருவி, பஞ்சை வைத்து, கையை மடக்கிக்கொள்ளுங்கள் என்று பெரியவரிடம் சொல்லிவிட்டு அவனைப் பார்த்தாள்.

"அண்ணி" என்றான்.

ஓமனில் ஷிப்ட் முடிந்து ஆட்களை ஏற்றி வந்த வேன், ரோட்டில் குறுக்கே வந்த ஒட்டகத்துக்கு ஒதுங்கப் போய் உருண்டிருக்கிறது. வேனில் ஏழு பேர். இறந்தது வளவன் ஒருவன்தான்.

அன்று சாயங்காலமே கம்பெனியிலிருந்து தமிழ் பேசும் ஒரு அதிகாரி சேரனைக் கூப்பிட்டார். உடலை ஊருக்கு அனுப்ப வேண்டுமென்றால் நோட்டரி முன்னால் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் வேண்டும். "எங்க ரெக்கார்டுல அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு இருக்கு தம்பி. ஒய்ஃப் இளமதி. அவங்க கையெழுத்துதான் வேணும். அம்மாது பத்தாது."

சேரன் கருவேப்பிலங்குறிச்சிக்கு போன் செய்தான். எடுத்தது ராஜமாணிக்கம். விவரத்தைக் கேட்டுக்கொண்டார். பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். மறுநாள் யாரிடமும் சொல்லாமல் விருத்தாசலம் போய்ப் பத்திரம் எழுதுகிறவரைப் பார்த்தார். அந்தப் பதிவை ரத்து செய்ய முடியுமா என்று கேட்டார்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். "ஐயா, உசுரோட இருந்தா கோர்ட்டுக்குப் போவலாம். செத்துப்போனவரோட ஆன கல்யாணத்தை எதைச் சொல்லிங்க ரத்து பண்றது?"

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னார். "பாப்பா, நீ கையெழுத்துப் போட வேணாம். உனக்குத் தாலி ஏறல. ஐயரு வரல, அக்கினி வளக்கல. நிச்சயம் பண்ண பையன் தவறிட்டான், அவ்ளோதான். நாளைக்கு இன்னொரு எடத்துல உன்னைக் குடுக்கணும். இன்னாரு பொண்டாட்டின்னு இப்ப கையெழுத்துப் போட்டின்னா, தாலியறுத்தவள்னு ஆயிடும். உனக்கு இருவத்தஞ்சு வயசு."

இளமதிக்கு இன்னும் அழுகைகூட வரவில்லை. எந்த முறையில் அழுவது என்று தெரியாதவள்போல் இருந்தாள். துக்கம் கேட்க வந்த அக்கம்பக்கத்துப் பெண்கள், "நல்லவேள, கல்யாணத்துக்கு முன்னாடியே போச்சு" என்று அமிர்தத்திடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அமிர்தம் தலையை ஆட்டினாள். அவர்கள் போனதும் சமையலறையில் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மூன்றாம் நாள் காலையில் சேரனின் ஆட்டோ வந்து நின்றது. செல்வநாயகி இறங்கினாள். மகன் செத்த வீட்டுக்காரி, உடல் இன்னும் வந்து சேராத நிலையில், அடுத்தவர் வீட்டு வாசலுக்கு வருவது வழக்கமில்லை. அவள் உள்ளே வரவில்லை. வேப்பமரத்தடியிலேயே நின்றாள். ராஜமாணிக்கம் வெளியே வந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று அவர் நினைத்தார்.

"உள்ள வாங்க சம்பந்தியம்மா."

"இல்லீங்க. தீட்டு. சொல்லிட்டுப் போயிடறேன். மதியைக் கையெழுத்துக் கேட்டு வரலீங்க நான். சேரன் போனு பண்ணது தப்பு. நீங்க பயப்படறது நாயந்தான். எனக்கும் ஒரு பொண்ணு இருந்தா இதையேதான் சொல்லியிருப்பன்."

ராஜமாணிக்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"அவனுக்குக் கல்யாணம் ஆவலன்னு நானே எழுதிக் குடுக்கறேன். ஆபீசுல பதிஞ்சதெல்லாம் விசாவுக்காகச் செஞ்சதுன்னு கலெக்டர் கிட்ட மனு போட்டுப் பாக்கறேன். ஒரு மாசம் ஆவும், ரெண்டு மாசம் ஆவும்ங்கறாங்க. ஆவட்டும். அதுவரைக்கும் அவன் அங்க ஐஸுல கெடக்கட்டும். போன உசுரு, இனிமே அவனுக்கு என்ன வலிக்கப் போவுது? இருக்கற பொண்ணு நல்லா இருக்கணும்."

சொல்லிவிட்டு ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளமதி வாசல்படியில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கல்யாணம் ஆவலன்னு எழுதுவீங்களா அத்தை?"

"வேற வழி இல்ல கண்ணு."

பஸ் ஸ்டாண்டில் டீ கிளாஸோடு நின்றவனை இளமதி நினைத்தாள். அவன் தனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாக நம்பித்தான் வாழ்ந்திருக்கிறான். வீடு பார்த்ததும், துணி சீக்கிரம் காயும் என்று சொன்னதும், பதிவேட்டில் பெயர் எழுதியதும் எல்லாம் அந்த நம்பிக்கையில்தான். இல்லை என்று இப்போது அவனைப் பெற்றவள் எழுதித் தரப்போகிறாள். அதுவும் தனக்காக.

அவள் படியிறங்கி வந்தாள். "நான் போடறேன்."

"பாப்பா!" என்றார் ராஜமாணிக்கம்.

"அப்பா, அன்னைக்கு நீங்க என் பக்கத்துல நின்னுதானே கையெழுத்துப் போட வெச்சீங்க? அது பொய்யின்னா அன்னைக்கே சொல்லியிருக்கணும். அவரை ரெண்டு மாசம் ஐஸுல போட்டுட்டு நான் எங்க போயி நல்லா இருக்கறது?"

அவர் மகளைப் பார்த்தார், செல்வநாயகியைப் பார்த்தார். "போடு" என்றார். "ஆனா அது கம்பெனியோட இருக்கட்டும். ஊருக்குத் தெரிய வேணாம்."

"என் வாயால வராதுங்க" என்றாள் செல்வநாயகி.

அன்றே ஆட்டோவில் போய் நோட்டரி முன்னால் இளமதி கையெழுத்துப் போட்டாள். இறந்தவருக்கு என்ன உறவு என்ற இடத்தில் மனைவி என்று அவள் கையாலேயே எழுத வேண்டியிருந்தது. அந்தச் சொல்லை எழுதியபிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. நோட்டரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். செல்வநாயகி அவள் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் சென்னையிலிருந்து ஆம்புலன்ஸ் வந்தது. தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். பெட்டியைத் திறந்து, உடலை எடுத்துக் கிடத்தினார்கள். நெற்றியில் ஒரு காயம் தவிர முகம் அப்படியே இருந்தது. இளமதி அப்பா அம்மாவோடு வந்திருந்தாள். பெண்களுக்கு நடுவில், நாலைந்து பேருக்குப் பின்னால் அவளுக்கு இடம் கிடைத்தது. நிச்சயம் செய்த பெண் என்பதால் அவளைப் பார்த்துக் கொஞ்சம் விலகி வழிவிட்டார்கள். அவ்வளவுதான்.

எடுக்கப்போகிற நேரத்தில் வளவனின் பெரியப்பா முன்னால் வந்தார். அப்பா இல்லாத குடும்பத்தில் அவர்தான் முறை செய்கிறவர். பின்னாலேயே ஓர் ஆள் வேரோடு பிடுங்கிய வாழைக்கன்று ஒன்றைக் கொண்டுவந்தான். அதில் மஞ்சள் கயிறு சுற்றியிருந்தது.

"கல்யாணம் ஆவாத புள்ள. அப்படியே எடுத்தா குறை நின்னுடும்" என்றார் பெரியப்பா. "வாழைக்குத் தாலியைக் கட்டி, வெட்டிப்போட்டுட்டு எடுப்பம். நம்ம வழக்கம் அதான். செல்வநாயகி, கயிறைத் தொட்டுக் குடும்மா. அவன் கையில வெச்சு எடுத்துக் கட்டிடலாம்."

செல்வநாயகி எழுந்திருக்கவில்லை. கயிற்றை நீட்டிக்கொண்டு அவர் நின்றார். அவள் கொடுத்த வாக்கு வாயைக் கட்டியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, மகனின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா, நேரமாவுதுல்ல?"

இளமதி எழுந்தாள். அமிர்தம் முந்தானையைப் பிடித்து இழுத்ததை அவள் உணர்ந்தாள். ஆனாலும் முன்னால் போனாள்.

"வாழை வேணாங்க பெரிப்பா."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. தை பதினெட்டாந்தேதி இதே வூட்டுல மாலை மாத்திக்கிட்டோம். ரிஜிஸ்டர் ஆபீசுல பதிஞ்சிருக்குது. நான்தான் அவரு பொண்டாட்டி."

பந்தலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். பெரியப்பாவின் முகம் இறுகியது. "அது விசாவுக்குச் செஞ்சதா இருக்கும். தாலி கட்டினானா? கழுத்துல ஒண்ணும் காணமே."

"கட்டல. வைகாசியில கட்டறதா இருந்தாரு."

"அப்ப எப்படி?"

"அவரு கட்டிக்கிட்டதாதாங்க நெனைச்சாரு" என்றாள் இளமதி. "இப்ப அவரு பக்கத்துல ஒரு வாழையைக் கொண்டாந்து நிறுத்தாதீங்க. அவரு தனி ஆளா சாவல."

செல்வநாயகி அப்போதுதான் தலையைத் தூக்கினாள். "அவ சொல்றது நெசம்தான்" என்றாள். "பாயசம் வெச்சுக் குடுத்தது நான்."

பெரியப்பா கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். அவர் கெட்டவர் அல்ல. முறை தவறக்கூடாது என்ற கவலைதான் அவருக்கு. "சரி. பொண்டாட்டின்னா பொண்டாட்டி முறை எல்லாம் உண்டு. பொறந்த வூட்டுக் கோடி எங்க? கோடி வந்து போத்தாம எடுக்க முடியாது." அவர் பார்வை ராஜமாணிக்கத்தின் மேல் நின்றது.

புருஷனைப் பறிகொடுத்த மகளுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போர்த்துகிற புதுப்புடவை அது. அதைக் கொண்டுவருகிறவன், என் மகள் இனிமேல் விதவை என்று ஊரறியச் சொல்வதாக அர்த்தம். ராஜமாணிக்கம் எதையும் எடுத்து வரவில்லை. துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். பிறகு பந்தலைவிட்டு வெளியே போனார்.

கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். அமிர்தம் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இளமதி வளவனின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். முதல்முறையாக அவன் நெற்றியைத் தொட்டாள். மிகவும் சில்லிட்டிருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து ராஜமாணிக்கம் திரும்பி வந்தார். கையில் ஜவுளிக்கடைப் பை. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. பையிலிருந்து கரும்பச்சை நிறப் புடவையை எடுத்தார். வெள்ளைதான் கொண்டுவர வேண்டும் என்று யாரோ சொன்னது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மகளின் தலைமேல் போடாமல், குளிருக்குப் போர்த்துகிற மாதிரி இரண்டு தோளையும் சுற்றிப் போர்த்தினார்.

"கடையில என்னா விசேஷம்னு கேட்டான் பாப்பா" என்றார் மெதுவாக. "பொண்ணுக்குன்னேன்."

வயதான ஒருத்தி வளையலை உடைக்க இளமதியின் கையைப் பிடித்தாள். செல்வநாயகி எழுந்து வந்து அந்தக் கையை விடுவித்தாள். "வேணாம் வுடுங்க. அவன் போட்டுவிட்டது எதுவும் அவ மேல இல்ல. இருக்கறதெல்லாம் அவ ஆத்தா அப்பன் போட்டது." பெரியப்பா வாழைக்கன்றைப் பந்தலுக்கு வெளியே சாக்கடையோரமாக வைக்கச் சொல்லிவிட்டு, "வாய்க்கரிசிக்குப் பொண்டாட்டி வரட்டும்" என்று கூப்பிட்டார்.

இளமதி மூன்று முறை அரிசி போட்டாள். பிறகு அவனை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் போனார்கள். பெண்கள் தெருமுனையில் நின்றார்கள். மேளச் சத்தம் தேய்கிறவரை இரண்டு பேரும், மாமியாரும் மருமகளும், அங்கேயே நின்றார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் இளமதி கருவேப்பிலங்குறிச்சிக்குத் திரும்பினாள். ஒரு வாரம் கழித்து வேலைக்குப் போனாள். அந்த வருஷம் அவளுக்குப் பூ வைக்கத் தோன்றவில்லை. பொட்டை எடுக்கவும் தோன்றவில்லை. சிலர் அதையும் பேசினார்கள், சிலர் இதையும் பேசினார்கள். வைகாசி இருபத்தைந்து வந்தபோது அவள் லீவு போட்டுவிட்டு செல்வநாயகி வீட்டுக்குப் போனாள். செல்வநாயகி சோறு வடித்தாள், இளமதி கத்தரிக்காய் நறுக்கினாள். சாப்பிட்டுவிட்டு ஒரே பாயில் படுத்துத் தூங்கினார்கள்.

வாரிசுச் சான்றுக்குத் தாலுகா ஆபீஸ் போனபோதும் இருவரும் சேர்ந்தே போனார்கள். தாய் என்று ஒரு பெயர், மனைவி என்று ஒரு பெயர். வேறு யாரும் இல்லை.

அடுத்த வருஷம் மாசியில் சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல இடம், பையன் கூட்டுறவு சங்கத்தில் வேலை. தரகர் போனிலேயே பையனின் அப்பாவைப் பேச வைத்தார். ராஜமாணிக்கம் வாசலில் நின்று பேசினார். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த இளமதிக்கு உள்ளே எல்லாம் கேட்டது. பொண்ணு என்ன படித்திருக்கிறது, எங்கே வேலை என்றெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டிருப்பார்கள். இவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

"ஒண்ணு சொல்லிடறங்க. எம் பொண்ணுக்கு ஒருவாட்டி கல்யாணம் ஆயிடுச்சு. ஆமாங்க. மாப்பிள்ளை தவறிட்டாரு. ஓமன்ல."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ. "சரிங்க, கலந்துட்டுச் சொல்லுங்க" என்று போனை வைத்தார். உள்ளே பார்க்காமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார்.

இளமதி டிபன் பாக்ஸைப் பையில் வைத்தாள். மாப்பிள்ளை என்று அப்பா சொல்லி அவள் கேட்டது அன்றுதான். அதுவரை அவர் வாயில் வளவன் எப்போதும் அந்தப் பையன்தான்.

"போயிட்டு வரேம்மா" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு, எட்டரை மணி பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.